மூன்றாவது மணி

அம்சவள்ளி காப்பி கலக்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள், கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்த சோதனை நின்றுபோயிருந்தது. நிற்க வேண்டிய அவசியமே இல்லாத இடம். பச்சை எழுத்துத் திரையில் ஒற்றை வரி மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. இங்கிலீஷில்தான் இருந்தது, ஆனாலும் அவளே எழுதிய வரி என்பதால் மனசு அதைத் தமிழிலேயே படித்தது. இரண்டாம் தொட்டி. மூன்றாவது மணி. உள்ளே ஆள் உண்டு.

"ஆளா? நல்லா இருக்கே கதை," என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

தீபாவளி நாள். மில்லே மூடிக் கிடக்கிறது. கொதிகலனை முந்தாநாளே அணைத்துவிட்டார்கள். கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஜாகா ஐயாவுவையும் அவளையும் விட்டால் அந்த இடத்தில் காக்காய் குருவி கிடையாது.

கோல சிலாங்கூர் சாலையிலிருந்து செம்பனை மரங்களுக்கு நடுவே வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்தது அந்த எண்ணெய் மில். ஓடுகிற நாளில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் காதில் விழாது. இன்றைக்கோ, தகரக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவதும், ஏதோ ஒரு குழாய்க்குள் மிச்சமிருந்த எண்ணெய் மெல்ல இறங்குவதும், ஆற்றங்கரை லயத்து வீடுகளில் பிள்ளைகள் வெடிக்கிற பட்டாசும் தனித்தனியாகக் கேட்டன. வெந்த பழத்தின் வாடை மட்டும் லீவு எடுக்கவில்லை. புளிப்பும் இனிப்புமாகத் தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாடை. சுவரில் ஏறி, நாற்காலி மெத்தையில் ஏறி, அவள் சட்டையிலும் ஏறத் தொடங்கியிருந்தது. இந்த வருசம் மாசியிலிருந்து அந்த வாடை வந்தால் அவள் வாயால்தான் மூச்சு விடுவாள்.

அவர்கள் வீட்டில் இந்த முறை தீபாவளி இல்லை. சாவு விழுந்த வீட்டில் பலகாரம் ஏது, புதுத்துணி ஏது? அதனால்தான் லீவு நாளில் போய்ச் சோதனையை முடித்துத் தர முடியுமா என்று அவள் கம்பெனி மேலாளர் சேது கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

ஆவித்தொட்டி என்பது லோரி நீளத்துக்குப் படுக்கப்போட்ட இரும்பு உருளை. குலைகள் நிரப்பிய கூண்டு வண்டிகளைத் தண்டவாளத்தில் உள்ளே தள்ளி, கதவை மூடி, ஆவியைத் திறந்துவிட்டால் குலை வெந்து பழம் உதிரும். மில்லில் அப்படி மூன்று தொட்டி. மூடுவதற்கு முன்னால் வெளியே நிற்பவன் உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுக்க வேண்டும். அதுவரை இருந்த காவல் அவ்வளவுதான். மாசி மாசம் இரண்டாம் தொட்டிக்குள் உதிரிப்பழம் பொறுக்கப் போன அவள் அண்ணன் வாசு உள்ளேயே வெந்து செத்த பிறகு, குரலுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் வைப்பது என்று முடிவாயிற்று. அந்த வேலை கோலாலம்பூரில் அவள் இருந்த சின்னக் கம்பெனிக்கே வந்து சேர்ந்தது. "நான் எழுதுறேன் சார்," என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். பாவி மனசு, வேறு யாரையும் தொடவிடவில்லை.

அவள் எழுதியது இதுதான். கதவு மூடும் முன் தொட்டிக்குள் மணி அடிக்கும். உள்சுவரை ஒட்டி, கை எட்டும் உயரத்தில் ஒரு கயிறு நீளமாக ஓடும். உள்ளே இருப்பவன் அதைப் பிடித்து இழுத்தால் கதவு அசையாது. மணி மூன்று தடவை அடித்தும் கயிறு இழுபடவில்லை என்றால்தான் கதவு மூடும். புரோகிராமில் அந்த இடத்தில் ஒரு வரி வைத்திருந்தாள்: இங்கே உள்ளே ஆள் இல்லை, இது பொய்யானால் அப்படியே நில், எங்கே பொய்யானது என்று சொல். ஆபீஸில் அதற்கு அஸெர்ஷன் என்று பேர். அவள் மனசுக்குள் சத்தியம் என்று வைத்திருந்தாள். சத்தியம் தவறினால் சமாளித்துக்கொண்டு மேலே போகிற பேச்சே கிடையாது.

சோதனைக்கு ஆள் கூட வேண்டாம். இன்னொரு புரோகிராம் கதவை மூடு, திற, மூடு என்று தானாகவே ஏவிக்கொண்டிருக்கும். கதவு மோட்டாருக்கு மட்டும் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டிருந்தாள். மணியும் கயிறும் நிஜம்.

அவள் கேட்டுக்கு நடந்து போனாள். "மாமா, ரெண்டாம் தொட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு வரீங்களா? பூனை கீனை ஏறியிருக்கும் போல."

ஐயாவு சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு போனார். வாசுவைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரிந்தவர். அவர் திரும்பி வர நேரமாயிற்று. "ஒன்னும் இல்ல பாப்பா. ஒரு எலிகூட இல்ல. ஏன் கேக்குற?"

"சும்மாத்தான் மாமா. மணியடிச்சா உள்ள ஆள் இருக்குன்னு வருது."

மறுபடி ஓடவிட்டாள். முதல் தொட்டியில் மூன்று மணி, ஆள் இல்லை. இரண்டாம் தொட்டியில் முதல் மணி, ஆள் இல்லை, இரண்டாவது மணி, ஆள் இல்லை, மூன்றாவது மணி.

நின்றது.

கயிற்றின் முனையிலிருந்த சுவிட்சைக் கழற்றி வேறு ஒன்றை மாட்டினாள். அதுவும் மூன்றாவதில் நின்றது. மூன்றாம் தொட்டிக்குப் போகிற கம்பியை இதற்கு மாற்றிப் பார்த்தாள். மூன்றாவதில்தான். எலி என்றால் முதல் மணிக்கே மிரண்டு ஓடியிருக்கும். ஈரக்கசிவு என்றால் மணியை எண்ணிக்கொண்டா வரும்? காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. அவள் அதைத் தொடவில்லை. அவள் மனசு ஓர் இடத்துக்குப் போகப் பார்த்தது, அவள் போகவிடாமல் இழுத்துப் பிடித்தாள். எவ்வளவு நேரம்தான் பிடிக்க முடியும்?

அந்தி நேரத்தில் பேர் சொல்லி யாராவது கூப்பிட்டால் உடனே "ஏன்" என்று கேட்கக்கூடாது. இது அம்மா வேலம்மா பிள்ளைகளுக்குச் சோறோடு ஊட்டி வளர்த்த பாடம். ஆற்றுப் பக்கத்தில் சுற்றுகிற பேய் இரண்டு தடவைதான் கூப்பிடுமாம். மூன்றாம் தடவை கூப்பிட்டால் அது மனுசன், அப்போது பதில் சொல்லலாம். அம்சவள்ளி கோலாலம்பூர் போனதும் அதையெல்லாம் விட்டுவிட்டாள். வாசு விடவில்லை. கல்யாண வயசு தாண்டியும், மீசை வைத்த பிறகும், மூன்றாவது தடவைக்குத்தான் "என்னாடா" என்பான். கூட்டாளிகள் அவனைச் செவிடன் என்று கேலி செய்வார்கள்.

அன்றைக்குக் கதவருகே நின்றவன் ரெங்கசாமி, செரண்டாவிலிருந்து வந்த புது ஆள். இருட்டுகிற நேரம். உள்ளே பார்த்து வாசு என்று கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். பதில் இல்லை. ஆள் வீட்டுக்குப் போய்விட்டான் என்று கதவை மூடினான்.

வாசு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று விசாரணையில் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். தூங்கியிருப்பான், மயங்கியிருப்பான் என்றார்கள். ஏன் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அம்மாவும் அவளும். இந்த வேலைக்காக அவள் லயத்துக்கு வந்து தங்கியும், இரண்டு பேரும் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அம்சவள்ளி செய்ததெல்லாம் மணியை மூன்றாக வைத்தது ஒன்றுதான்.

ஆபீஸ் அறை போனிலிருந்து சேதுவைக் கூப்பிட்டாள். அங்கே விருந்தாளிகள் சத்தம், தட்டு சத்தம்.

"மூணாவது மணியில ஃபெயில் ஆவுது சார்."

"ரெண்டு ஓகேயா?"

"ஓகே."

"அப்ப ரெண்டு போதும் லா. எதுக்கு மூணுன்னு நான் அன்னிக்கே கேட்டேன், நீ பதிலே சொல்லல. இல்லன்னா ஒன்னு செய்யி, ஃபெயில் ஆனா நிக்காம எழுதி வெச்சிட்டு அடுத்ததுக்குப் போவச் சொல்லு."

"அது நின்னாத்தான் சார் அர்த்தம். எழுதி வெச்சிட்டுக் கதவ மூடுனா யாருக்குப் பிரயோசனம்?"

"அம்சா, கேளு. நாளன்னிக்கு மில்லு தொறக்குது. மோட்டாரைப் போட்டு ஒரு முழு ரன் பாஸ் ஆகணும். இல்லன்னா பழையபடி ஆள நிக்க வெச்சு குரல் குடுத்துக்கறோம்னு மில்லு மேனேஜர் சொல்லிட்டாரு. உனக்கு அதான் வேணுமா?" அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "உன் கஷ்டம் எனக்குத் தெரியும்மா. ரெண்டா மாத்திட்டு வீட்டுக்குப் போ."

போனை வைத்துவிட்டு அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டாக மாற்றினால் ரெங்கசாமியைத் தூக்கி அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் உட்கார வைத்த மாதிரிதான். மாற்றாவிட்டால் நாளை மறுநாள் இன்னொரு ரெங்கசாமி கதவருகே வந்து நிற்பான். அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு முன்னால் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று டார்ச் லைட்டை எடுத்தாள்.

சோதனையைத் தட்டிவிட்டுத் தண்டவாளத்தோடு நடந்து இரண்டாம் தொட்டிக்குள் ஏறினாள். வெளியே வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது, உள்ளே இல்லை. இரும்பின் மேல் பழ எண்ணெய் கருப்பாகப் படிந்து காலுக்கடியில் பிசுபிசுத்தது. அணைந்து போன தொட்டிக்குள் இருக்கக்கூடாத ஒரு வெதுவெதுப்பு, ஆட்கள் அடைந்து தூங்குகிற அறையில் இருக்குமே, அந்த மாதிரி, அவள் கழுத்தில் வந்து படிந்தது. அவள் மூச்சு விடுவது அவளுக்கே திரும்பக் கேட்டது. கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அங்கேதான் வாசுவைக் கண்டெடுத்தார்கள். கதவு வரை வந்திருந்தான், பாவி.

முதல் மணி அடித்தது. கயிறு அசையவில்லை.

இரண்டாவது மணி. கயிறு அசையவில்லை. ஆனால் அவள் கழுத்தில் படிந்திருந்த வெதுவெதுப்பு விலகியது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

மூன்றாவது மணி.

கயிறு அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இழுபட்டது. கீழ்நோக்கி. தரையில் கிடப்பவன் எக்கிப் பிடித்தால் எப்படி இறங்குமோ அப்படி. விட்டது. மறுபடி இழுத்தது. மறுபடி. மறுபடி. அடித்துப்பிடித்துக்கொண்டு, அவசர அவசரமாக. இருக்கிறேன், இருக்கிறேன், இருக்கிறேன்.

"அண்ணே," என்றாள்.

எப்படி இறங்கினாள், எப்படித் திரும்பி வந்தாள் என்று தெரியாது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மூன்று என்று இருந்த இடத்தில் இரண்டு என்று அடித்தாள். இரண்டோடு நிறுத்திவிட்டால் அவன் பதில் சொல்ல வேண்டியிருக்காது. ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கப்போகிறது என்று அவன் நம்ப வேண்டியிருக்காது. மத்தியானத்திலிருந்து அவனை எத்தனை தடவை எழுப்பிவிட்டாள்!

"அம்சா."

தூக்கிவாரிப்போட்டது. அறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். குடை மடக்காமல், சேலைக்கரை நனைந்து, கையில் சோற்றுத் தூக்கும் ஒரு துணிப்பையுமாக. லயத்திலிருந்து மழையில் நடந்தே வந்திருக்கிறாள்.

"காலையில ஒன்னும் திங்காம வந்துட்டியே. ஏம்மா, மொகம் ஏன் இப்பிடி வெளிறிப் போச்சு?"

"ஒன்னுமில்லம்மா. மிஷினு ஓடாம சூசா பண்ணுது."

"ஐயாவு சொன்னாரு." அம்மா தூக்கை மேசையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "அந்தத் தொட்டியில மணியடிச்சா ஆள் இருக்குன்னு வருதாமே."

அம்சவள்ளி தூக்கின் மூடியைத் திறக்கப் போனாள்.

"எத்தனாவது மணிக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணாவதுக்கு."

அம்மா தரையில் உட்கார்ந்தாள். இத்தனை மாசமாக வராதது அப்போதுதான் வந்தது. "நாந்தாண்டி. நாந்தான் சொல்லிக் குடுத்தேன். பேசாத பேசாதன்னு நாந்தானே புள்ளை வாயக் கட்டுனேன்."

"அம்மா, வேணாம்மா."

"அவன் காது நல்லா கேக்குண்டி. அவனுக்குக் கேட்டிருக்கும். மூணாவதுக்குக் காத்துக்கிட்டு இருந்திருப்பான்."

அவளும் தரையில் உட்கார்ந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் சேர்ந்து அழுதார்கள். வெளியே பட்டாசு வெடித்தது. அழுது ஓய்ந்த பிறகு அம்மா முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்; திரையைப் பார்த்து, அதில் மணி எத்தனை என்பது எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அம்சவள்ளி காட்டினாள். அதை இரண்டாக மாற்றியதையும், மூன்றில் சோதனை முடியாவிட்டால் பழையபடி ஆளை நிற்க வைப்பார்கள் என்பதையும் சொன்னாள்.

"மூணே இருக்கட்டும்," என்றாள் அம்மா. "மத்தவ பெத்த புள்ளைங்களும் இருக்குல்ல. மாத்தாத."

"சரிம்மா."

"நான் வரேன். நீ சாப்புட்டுட்டு வேலையப் பாரு." துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, மகளை ஒரு மாதிரி அமைதியாகப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

அம்சவள்ளி இரண்டை அழித்து மூன்று என்று அடித்தாள். சோற்றில் இரண்டு வாய் வைத்தாள். மனசு லேசாகியிருந்தது, சொல்லப்போனால் வெட்கப்படுமளவுக்கு லேசாகியிருந்தது. நின்றால் நிற்கட்டும். காரணத்தை நாளைக்கு சேது சாரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம். போய் மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுத்து, முழுச் சோதனையைத் தட்டிவிட்டாள்.

முதல் தொட்டி. ஆள் இல்லை, ஆள் இல்லை, ஆள் இல்லை. தூரத்தில் கதவு உருண்டு மூடித் திறக்கும் சத்தம்.

இரண்டாம் தொட்டி. ஆள் இல்லை.

ஆள் இல்லை.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆள் இல்லை.

சத்தியம் தவறவில்லை. மோட்டார் இரைந்தது. கதவு இரும்போடு இரும்பு மோதி மூடிக்கொண்டது, நல்ல கனமான சத்தம். அம்சவள்ளி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா வாய்விட்டு அழுததில் அவன் போய்ச்சேர்ந்துவிட்டான். விட்டுப் போய்விட்டான். இனிமேல் யாரும் அங்கே வேகமாட்டார்கள். அண்ணே, நல்லா இரு. எங்கே இருந்தாலும் நல்லா இரு. திரையில் மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருக்க, அவள் செருப்புக்கூடப் போடாமல் கேட்டுக்கு ஓடினாள்.

"பாஸாயிருச்சு மாமா! அம்மாவப் புடிச்சுச் சொல்லணும், எவ்வளவு தூரம் போயிருப்பாங்க?"

ஐயாவு எழுந்து நின்றார். "அம்மாவா? கேட்டத் தாண்டலியே பாப்பா. ஒன்கூடத்தான இருக்காங்கன்னு நெனச்சேன்."

மழை நின்றிருந்தது.

அவள் திரும்பி ஓடினாள். தண்டவாளத்தில் கால் இடறியது. ஐயாவு பின்னால் ஏதோ கத்தினார். கேட்கவில்லை. இரண்டாம் தொட்டி. கதவு திறந்திருந்தது, சோதனை அடுத்த சுற்றுக்காக அதைத் திறந்துவைத்திருந்தது. கதவடியில் அம்மாவின் செருப்பு. ஒழுங்காக, கோயில் வாசலில் விடுவதுபோல.

கதவுக்கு வெளியே நின்றபடியே டார்ச்சை உள்ளே பிடித்தாள்.

அம்மா உள்ளே, கதவுக்குப் பக்கத்தில், கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். துணிப்பை பக்கத்தில் கிடந்தது. நல்லெண்ணெய் புட்டி திறந்திருந்தது. தீபாவளிக்கு வீட்டில் யாருக்கும் வைக்காத எண்ணெய். இடது கையில் கயிற்றைச் சுற்றி, இழுப்பு சுவிட்சுக்குப் போய்ச் சேராதபடி முஷ்டியைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தாள். முஷ்டிக்குக் கீழே கயிறு வெட்டி வெட்டி இழுபட்டது. அம்மா விடவில்லை.

வலது கை மடியில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தது. மடியில் ஒன்றும் இல்லை. எண்ணெய்தான் இருந்தது. அது கீழே விழாமல் வழிந்தது. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில். மூக்கு. காது மடல். கன்னத்தில் ஓர் இடத்தில் மட்டும், சதை இல்லாதது போல, உள்ளே இறங்கி ஓடியது.

"அம்மா."

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. தாலாட்டுகிற குரலில் மடியோடு பேசிக்கொண்டிருந்தாள். "பேசாம இருடா தங்கம். அம்மா இருக்கேன்ல. கூப்புடட்டும். எத்தன தடவை வேணாலும் கூப்புடட்டும்."

"அம்மா, வெளிய வாம்மா. கும்புடுறேன்."

அம்மாவின் தலைக்கு மேல் மணி அடித்தது. சோதனை தானாகவே அடுத்த சுற்றைத் தொடங்கியிருந்தது.

கயிறு துள்ளவில்லை. காத்திருந்தது.

இரண்டாவது மணி.

அம்சவள்ளி கயிற்றை நோக்கிக் கையை நீட்டப் பார்த்தாள். கை எழவில்லை. கால் எழவில்லை. வெந்த பழ வாடை, நல்லெண்ணெய் வாடை, இரண்டுக்கும் அடியில் இன்னொரு வாடை.

மூன்றாவது மணி.

எண்ணெய் வழிந்த முகத்தில் வாய் திறந்தது. அம்மா உள்ளங்கையை அதன் மேல் வைத்து, அது சொல்ல வந்ததை அழுத்திப் பொத்தினாள். கதவு மோட்டார் இரையத் தொடங்கியது.